வாயில் இருந்த நட்டு

அரிகே தேர்தலில் ஜெயித்ததற்குக் காரணம் கட்சியும் அல்ல, சுவரொட்டியும் அல்ல. அவள் வாயில் இருந்த ஒரு நட்டு. ஒகெரின் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு ஒரு பாட்டம் சிரிப்பார்கள்.

அரிகே மினிபஸ் ஓட்டுகிறவள். வயது நாற்பத்தாறு. பஸ்ஸின் பின்கண்ணாடியில் கொட்டை எழுத்தில் ‘பொறுமை’ என்று எழுதியிருக்கும். பொறுமைக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம் என்பது ஊருக்கே தெரியும். முன்னால் போகிற லாரி ஒதுங்காவிட்டால் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே விட்டுத் திட்டுவாள். அந்தத் தொண்டைக்காகவே டிரைவர் சங்கம் அவளைக் கவுன்சிலர் தேர்தலில் நிறுத்தியது.

தேர்தலுக்கு இன்னும் நான்கு நாள். பஸ் நிலையத்தின் நடுவில் அவளுடைய பின்டயர் வெடித்தது. வேட்பாளர் என்பதற்காக டயர் தானாக மாறிக்கொள்ளுமா? துணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஜாக்கி போட்டாள். கழற்றிய நட்டுகளில் நான்கை மடியில் போட்டாள். ஐந்தாவதை, எல்லா டிரைவர்களும் செய்வதைப்போல, உதட்டில் கவ்விக்கொண்டாள். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. வேட்பாளர் மண்ணில் குந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

கூட்டத்தில் கெலானியும் நின்றான். அவனும் மினிபஸ் டிரைவர். அரிகேயோடு பயணிகளுக்காகத் தினமும் சண்டை போடுகிறவன். வம்பிழுக்காமல் அவனுக்குச் சோறு இறங்காது.

“அக்கா, நீயும் பாலம் கட்டித் தாரேன்னுதான சொல்லிக்கிட்டுத் திரியுற? பதினாறு வருசமா வர்றவன் போறவன் எல்லாம் அதத்தான் சொல்றான். நீ மட்டும் புதுசா என்னத்தக் கிழிக்கப்போற?”

அவன் கேட்டது அபாட்டா ஓடைமேல் கட்ட வேண்டிய பாலத்தைப் பற்றி. ஓடைக்கு இந்தப் பக்கம் பஸ் நிலையம், அந்தப் பக்கம் சந்தை. மழை வந்தால் நான்கு மாதத்துக்கு ஒரு வண்டியும் தாண்டாது. பெண்கள் தக்காளிக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் போவார்கள். போன மழையில் பிரசவ வலி கண்ட ஒருத்தியைக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிப் போனபோது பாதி ஓடையிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. பிள்ளைக்கு ‘வழியில் பிறந்தவன்’ என்று பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். கொண்டாட்டம் முடிந்ததும் ஓடை அப்படியேதான் இருந்தது.

அரிகேக்குச் சுருக்கென்றது. நட்டைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு எழுந்தாள்.

“கேட்டுக்கடா கெலானி. அடுத்த ஓகுன் திருவிழாவுக்குள்ள அந்த ஓடை மேல பாலம் நிக்கும். நிக்கலேன்னா, அன்னையிலேர்ந்து நான் ஸ்டீயரிங்கத் தொடமாட்டேன். போதுமா?”

கெலானி பதிலுக்கு வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவள் கன்னம் புடைத்துக்கொண்டிருந்தது.

“அக்கா... வாயில என்ன?”

அரிகே உள்ளங்கையில் துப்பினாள். எச்சில் பளபளக்க நட்டு வந்து விழுந்தது. பஸ் நிலையத்தில் அத்தனை ஹாரன்களும் ஒரே நேரத்தில் ஓய்ந்ததுபோல் இருந்தது.

ஒகெரினில் பாதிப் பேர் சர்ச்சுக்குப் போகிறவர்கள், பாதிப் பேர் மசூதிக்குப் போகிறவர்கள். ஆனால் இரும்பைத் தொட்டுப் பிழைக்கிற டிரைவர், தையல்காரர், கசாப்புக்காரர், முடிவெட்டுகிறவர் எல்லாரும் அதோடு ஓகுனுக்கும் கட்டுப்பட்டவர்கள். ஓகுன் இரும்புக்குச் சாமி. நாக்கில் இரும்பு பட்டபடி சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. பைபிளைத் தொட்டுச் சொன்னதைக்கூட ஞாயிற்றுக்கிழமை அழுது மன்னிப்புக் கேட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்பது ஊர் எண்ணம். ஓகுன் அழுகைக்கு மசிகிறவர் இல்லை. சொன்னபடி நடக்காவிட்டால் அரிகே ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது. தொட்டாலும் அவள் பஸ்ஸில் ஆடுகூட ஏறாது.

“மறந்துபோச்சுடா. வாயில இருந்ததே மறந்துபோச்சு” என்றாள் அரிகே. அன்றைக்கு எல்லாரும் அதை நம்பினார்கள்.

சாயங்காலத்துக்குள் சேதி சந்தை முழுக்கப் பரவிவிட்டது. மற்ற வேட்பாளர்கள் அரிசி மூட்டை கொடுத்துப் பார்த்தார்கள், டி-சட்டை கொடுத்துப் பார்த்தார்கள். ஊர் அரிசியையும் சட்டையையும் வாங்கிக்கொண்டு நட்டுக்கு ஓட்டுப் போட்டது.

அவள் புருஷன் அயின்லா தையல்காரர். சர்ச்சில் டீக்கன் வேறு. சேதி கேட்ட நாளிலிருந்து புலம்பல்தான்.

“ஏம்மா, துப்பிட்டுப் பேசினா என்ன? வாயில கிடக்கிறத துப்புறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

“நீங்கதான் அதெல்லாம் நம்பமாட்டீங்களே. அப்புறம் எதுக்குப் பயப்படுறீங்க?”

“நான் எங்க பயந்தேன்? உனக்காகச் சொல்றேன்.”

இந்த மனிதர் தினமும் காலையில் கடையைத் திறந்ததும் கத்திரிக்கோலை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்ளாமல் துணியில் வைக்கமாட்டார். கேட்டால், அது மரியாதை, வேறொன்றுமில்லை என்பார்.

பதவியேற்பு நாள் வந்தது. அவளுக்கு முந்திய கவுன்சிலர்கள் ஒவ்வொருவராக வந்து பைபிளையோ குர்ஆனையோ தொட்டு, பஸ் டிக்கெட் வாங்குகிற வேகத்தில் சத்தியம் செய்துவிட்டுப் போனார்கள். அரிகே முறை வந்ததும், “எனக்கு இரும்பு வேணும்” என்றாள். கிளார்க் மேசை முழுக்கத் தேடிவிட்டு ஸ்டேப்ளரை எடுத்து நீட்டினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அரிகே தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்து, அதே நட்டை எடுத்து நாக்கில் வைத்து எடுத்தாள்.

பின்னாலிருந்து கெலானி கத்தினான். “அந்த நட்டை அப்படியே அடுத்த ஆளுக்கும் குடுங்கப்பா!”

அந்த நொடியில் மிச்சமிருந்த ஏழு கவுன்சிலர்களுக்கும் எங்கிருந்தோ அவசரமாகப் போன் வந்துவிட்டது.

கவுன்சில் சேர்மன் ஒலுடாரேக்கு மட்டும் போன் வரவில்லை. அவர் சும்மா சிரித்துக்கொண்டு நின்றார். கஞ்சி போட்ட வெள்ளை அங்கி, கஞ்சி போட்ட சிரிப்பு. ஒகெரினின் பழைய கொல்லருடைய மகன் அவர். அப்பா பட்டறையில் வைத்த பெயர் ஓகுண்டாரே. அரசியலுக்கு வந்ததும் பெயரிலிருந்து ஓகுனைக் கழற்றிவிட்டு, சர்ச்சுக்காரர்கள் கர்த்தரைச் சொல்கிற ஒலுவை மாட்டிக்கொண்டார். பட்டறைப் பக்கமே போவதில்லை. அதைப் பற்றிப் பேசினால் காது கேட்காது.

பாலத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியது அந்த ஒரே ஆள்தான். திருவிழா மார்ச் கடைசியில். டிசம்பரே முக்கால் போய்விட்டது. அரிகே போய் நின்றாள்.

“கவுன்சிலரம்மா, ஓடையைப் போய்ப் பாத்துட்டு வந்தேன். சொட்டுத் தண்ணியில்ல. தண்ணியே இல்லாத ஓடைக்குப் பாலம் கட்டினா ஊரு சிரிக்காதா?”

“தலைவரே, தண்ணி வந்தப்புறம் கட்ட முடியாதே.”

“அப்போ தண்ணி வந்துட்டுப் போகட்டும். நிதானமா யோசிப்போம்.”

அடுத்த முறை போனால் மேலிடத்து அனுமதி வரவில்லை என்றார். அதற்கடுத்த முறை, மேலிடமே ஊரில் இல்லை என்றார். சிரித்துக்கொண்டே தண்ணி காட்டுவதில் மனிதர் மன்னன். கோபப்படவும் விடமாட்டார். போகும்போது, வந்தவர்களுக்கு மரியாதைக்குக் கொடுக்கிற கோலாக் கொட்டை ஒன்றைக் கையில் வைத்து, அயின்லா சௌக்கியமா என்று விசாரித்து அனுப்புவார். அரிகே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஏமாந்தது தெரியும்.

ஜனவரி பிறந்தது. வடக்கிலிருந்து புழுதிக் காற்று வந்து ஊரையே மாவில் புரட்டி எடுத்தது. சவாரி போகும்போதெல்லாம் அரிகே ஸ்டீயரிங்கைப் பார்ப்பாள். பத்தொன்பது வருஷமாகப் பிடித்த ஸ்டீயரிங். அவள் விரல்கள் பட்ட இடமெல்லாம் உறை தேய்ந்து உள்ளிருக்கும் இரும்பு தெரியும். ஏப்ரலில் இதைத் தொட முடியாது என்று நினைத்தால் சாவாவது பரவாயில்லை என்று தோன்றும். பஸ் இல்லாமல் சந்தையில் நடந்து போவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஒருநாள் வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது அவளுக்கு யோசனை வந்தது. தன்னை மாட்டிவிட்டது எதுவோ, அதுவே சேர்மனையும் மாட்டிவிடாதா? அவரும் கொல்லர் பிள்ளைதானே. இரும்பு நாக்கில் பட ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

சேர்மனைக் குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிட்டாள். கிழங்கை இடித்து வைத்தால் கையால்தான் சாப்பிடுவார். அதனால் தக்காளியும் கோழியும் போட்டுக் காரசாரமாக ஜொலோஃப் சோறு சமைத்து, பெரிய எவர்சில்வர் கரண்டி போட்டுக் கொடுத்தாள். சேர்மன் ரசித்துச் சாப்பிட்டார். கரண்டி வாய்க்குள் போன சமயம் பார்த்து அரிகே கேட்டாள்.

“பாலத்துக்கு என்ன சொல்றீங்க தலைவரே?”

சேர்மன் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். நன்றாக மென்றார். கரண்டியை வெளியே எடுத்து, தட்டின் ஓரத்தில் படுக்க வைத்தார். தண்ணீர் குடித்தார். கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

“பாக்கலாம் கவுன்சிலரம்மா. கோழி பிரமாதம்.”

அடுத்த வாய்க்கு அவர் கரண்டியைத் தொடவே இல்லை. சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டார். அவர் போன பிறகு அயின்லா ஒரு மூலையில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். அரிகேக்கு அழுகை வந்தது. பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதன் பிறகுதான் அவள் கவனித்தாள். மேடையில் சேர்மன் மைக்கைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடிக்கிறார். இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தபடி எந்த வாக்குறுதியும் கொடுப்பதில்லை. எழுந்து நின்றுகொள்வார். இவ்வளவு ஜாக்கிரதை ஒரு மனிதனுக்கு எதற்கு? நம்பாதவனுக்கு இந்தப் பயம் வராது. பெயரிலிருந்து கழற்றிய ஓகுனை அவர் வேறெங்கோ பத்திரமாக வைத்திருந்தார்.

பிப்ரவரி நடுவில் இரண்டு சேதிகள் ஒரே நாளில் வந்தன. கவுன்சில் வளாகத்தில் ஆறு பெரிய சிமென்ட் குழாய்கள் வந்து இறங்கியிருந்தன. வரிசையாகப் பதித்து மேலே பாதை போட்டால் அபாட்டா ஓடைக்குக் கச்சிதமான பாலம். அரிகே துள்ளிக் குதித்தாள். மத்தியானத்துக்குள் கெலானி அடுத்த சேதியைக் கொண்டுவந்தான்.

“அக்கா, ரொம்பக் குதிக்காத. திங்கக்கிழமை அந்தக் குழாயெல்லாம் கோழிப்பண்ணைக்குப் போகுதாம்.”

கோழிப்பண்ணை என்றால் கட்சிப் பெரியவருடையது. ஊரில் எல்லாரும் அவரைச் சீஃப் என்பார்கள். சேர்மனைச் சேர்மன் ஆக்கியவரே அவர்தான். பண்ணைக்குப் போகிற பாதையில் ஒரு பள்ளம் இருக்கிறதாம், முட்டை உடைகிறதாம்.

“முட்டை உடையுதாம்ல?” என்றாள் அரிகே. அவள் குரலைக் கேட்டுப் பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் இறங்கிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை பஸ் நிலையத்தில் திறப்பு விழா இருந்தது. பழைய நிழற்கூடத்துக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துப் புது நிழற்கூடம் என்று திறக்கிறார்கள். சேர்மன் ரிப்பன் வெட்ட வருகிறார். சீஃப்பும் வருகிறார். இதைவிட்டால் வேறு நாள் இல்லை.

முதல் நாள் அரிகே, அயின்லா, கெலானி மூன்று பேரும் தையல் கடையில் கூடினார்கள்.

“கவுன்சில் கத்திரிக்கோல்ல பிளாஸ்டிக் கைப்பிடி. அதான் அவரு தைரியமாப் பிடிக்கிறாரு” என்றாள் அரிகே. “உங்க கத்திரிக்கோலக் குடுங்க. முழுக்க இரும்பு. அவரு கையில அது இருக்கும்போது நான் கேக்குறேன்.”

“கை போதாதுக்கா, வாய் படணும்” என்றான் கெலானி.

“கையாவது படட்டுமே. மிச்சத்த ஓகுன் பாத்துக்குவாரு.”

அயின்லா எழுந்து நின்றுவிட்டார். “நான் டீக்கன். இந்தத் தில்லுமுல்லுக்கெல்லாம் என்னைக் கூப்பிடாத.”

ஆனால் வெள்ளிக்கிழமை காலையில், கேட்காமலே கத்திரிக்கோலுக்கு எண்ணெய் போட்டு, சட்டைக்குள் செருகிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றார்.

சொல்லை மேளத்திலேயே அடித்துக் காட்டுகிற பேச்சு மேளக்காரர்கள் சேர்மனை ஏழு தலைமுறைக்குப் புகழ்ந்து முடித்தார்கள். சீஃப் மேடையில் இரண்டு நாற்காலி அளவுக்குப் பரவி உட்கார்ந்திருந்தார். வெல்வெட் தட்டில் பிளாஸ்டிக் கைப்பிடிக் கத்திரிக்கோலோடு கவுன்சில் செயலாளர் வந்தார். அயின்லா அவரை ஓரமாக இழுத்தார்.

“சார், ரிப்பன் சாட்டின் துணி. இது மொண்ணை. வெட்டாது, கடிச்சு இழுக்கும். போட்டோவுல அசிங்கமா இருக்கும். இதக் குடுங்க.”

செயலாளருக்கு உயிர் வந்தது. கத்திரிக்கோல் மாறியது. அயின்லா திரும்பி வந்து, “நான் பொய் ஒண்ணும் சொல்லலியே. அது மொண்ணைதான்” என்று மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார். அவருக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

சேர்மன் தட்டிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தார். எடுத்தவர் அதன் கனத்தில் ஒரு கணம் தயங்கினார். குனிந்து பார்த்தார். கறுத்த இரும்பு. இரண்டு அலகும் சேர்கிற இடத்தில் உளியால் வெட்டிய மூன்று கோடுகள். அயின்லா கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது அது. அந்த நாளில் ஒகெரினில் கத்திரிக்கோல் அடிக்க ஒரே ஒரு கொல்லர்தான் இருந்தார்.

சேர்மன் கட்டைவிரலால் அந்த மூன்று கோடுகளைத் தடவினார். முகத்தில் கஞ்சி போட்ட சிரிப்பு இல்லை.

அரிகே கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“தலைவரே! பாலம் எப்போ?”

மேளம் நின்றது. செயலாளர் பதறினார். சீஃப் தொண்டையைக் கனைத்தார். சேர்மன் நிமிர்ந்து அரிகேயைப் பார்த்தார். பிறகு, பட்டறைப் பிள்ளைகள் வெட்டுமுன் செய்வதைப்போல, கத்திரிக்கோலைத் தூக்கி உதட்டில் ஒற்றினார். இரும்பு உதட்டில் இருக்கும்போதே பேசினார். மைக் வேண்டியிருக்கவில்லை.

“திங்கக்கிழமை ஆறு குழாயும் ஓடைக்குப் போகும். ஓகுன் திருவிழா அன்னைக்கு அது மேல பஸ் போகும்.”

சொல்லிவிட்டு ரிப்பனை வெட்டினார். ஒரே வெட்டு.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு கெலானி, “பட்டுச்சு! உதட்டுல பட்டுச்சு! நான் பாத்தேன்!” என்று தொண்டை கிழியக் கத்தினான். அவ்வளவுதான். நிலையத்தில் நின்ற அத்தனை பஸ்ஸும் ஹாரன் அடித்தது. சந்தைப் பெண்கள் தலைத்துணியை அவிழ்த்து ஆட்டினார்கள். மேளக்காரர்கள் யாரும் கேட்காமலே சேர்மனின் பழைய பெயரை அடிக்க ஆரம்பித்தார்கள். ஓகுண்டாரே, ஓகுண்டாரே.

சீஃப் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். “என்னப்பா இது? நேத்து நாம என்ன பேசினோம்?”

சேர்மன் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயோ ஐயா! பழக்கதோஷம். சின்ன வயசுலேர்ந்து பட்டறைப் பழக்கம். இரும்பக் கையில வாங்கினா வாய்க்குப் போயிடுது. பாழாப்போன வாய், சொல்லிடுச்சே! இப்போ நான் என்ன செய்வேன்? நீங்களே சொல்லுங்க. மீறிடட்டுமா?”

சீஃப் கூட்டத்தைப் பார்த்தார். அவரும் ஒகெரின்காரர்தான். அவரிடம் மூன்று கார் இருந்தது, மூன்றும் இரும்பு. இரும்பில் சொன்னதை மீறு என்று நானூறு பேர் முன்னால் சொல்ல அவருக்கென்ன பைத்தியமா? மெதுவாக உட்கார்ந்து, மேளத்துக்குத் தலையாட்டினார்.

திங்கட்கிழமை குழாய்கள் ஓடைக்கு வந்தன. அதன் பிறகு நடந்தது வேலை என்பதா, திருவிழாவுக்கு முந்திய திருவிழா என்பதா? சந்தைப் பெண்கள் கூடையில் மணல் சுமந்தார்கள். கொத்தனார் அசந்து நின்றால் அவர் மீசையைப் பற்றிப் பாட்டுக் கட்டினார்கள். கெலானி மத்தியானம் வரைக்கும் கல் ஏற்றிக்கொண்டு வருவான், மத்தியானத்துக்கு மேல் எல்லாரையும் மேய்ப்பான். அயின்லா வேலைக்காரர்களுக்குக் கிழிந்த சட்டைகளை இலவசமாகத் தைத்துக் கொடுத்துவிட்டு, அதற்கு ஒரு வேத வசனமும் சொல்லிக்கொண்டார்.

சேர்மன் தினமும் வந்தார், அதுவும் நடந்து. அவருடைய டிரைவர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தான். “பாலம் முடியட்டும் சார். அதுவரைக்கும் உங்களோட ஒரே வண்டியில நான் வரமாட்டேன். எனக்குப் புள்ளகுட்டி இருக்கு” என்றானாம். வெள்ளை அங்கி செம்மண் பட்டு முழங்கால்வரை சிவப்பாகிவிட்டது. நாலாவது வாரம் சிமென்ட் தீர்ந்துபோய் வேலை நின்றபோது, அவரே பக்கத்து ஊருக்குப் போய் லாரி மேல் உட்கார்ந்து சிமென்ட்டோடு வந்தார். அரிகே அதைப் பார்த்தாள். மாட்டிக்கொண்ட மனிதனின் அவசரம் என்று நினைத்துச் சிரித்தாள்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் பாலம் முடிந்தது. பெரிய பாலம் ஒன்றுமில்லை. இரண்டு பஸ் நீளம், ஒரு பஸ் அகலம். ஊர் அதை நடந்து பார்த்தது, குதித்துப் பார்த்தது. வழியில் பிறந்தவன் அம்மா இடுப்பிலிருந்து இறங்கித் தவழ்ந்து பார்த்தான்.

ஓகுன் திருவிழா விடிந்தது. ஊரிலுள்ள வண்டிகளெல்லாம் இளங்குருத்தோலைக் குஞ்சம் கட்டிக்கொண்டன. பட்டறை வாசலில் பனங்கள் ஊற்றினார்கள். சுட்ட கிழங்கு மணம் எட்டுத் தெருவுக்கு அடித்தது. நாய்கள் மட்டும் அன்று வெளியே தலைகாட்டவில்லை. ஓகுனுக்கு எந்தப் பலி பிடிக்கும் என்று அவற்றுக்கும் தெரியும்.

ஊர்வலத்தில் முதல் வண்டி ‘பொறுமை’. அரிகே கண்ணில் தண்ணீர் வழிய ஓட்டிக்கொண்டிருந்தாள். துடைக்கவில்லை. சந்தோஷத்தில் அழுவதை எதற்கு மறைக்க வேண்டும்? முன்சீட்டில் அவள் பக்கத்தில் சேர்மன். பின்னால் சீட்டுக்கு நான்கு பேர், கூரைமேல் மேளம். பாலத்தின் நட்டநடுவில் போனதும் சந்தைப் பெண்கள் வழிமறித்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். பஸ் நின்றது. இப்போதைக்கு நகரப்போவதில்லை.

“தலைவரே, மன்னிச்சிருங்க” என்றாள் அரிகே. “அன்னைக்கு அந்தக் கத்திரிக்கோல மாத்தினது நாங்கதான். உங்களுக்குத் தெரியாம உங்கள மாட்டிவிட்டுட்டோம்.”

சேர்மன் ஜன்னல் வழியாக ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கப்பா அடிச்ச இரும்பு எனக்குத் தெரியாதா கவுன்சிலரம்மா? தட்டுல பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு.”

“அப்புறம் ஏன்...”

“முதல் நாள் சாயங்காலம் சீஃப் திரும்பவும் எங்க வீட்டுக்கு வந்தாரு. குழாய் எனக்கு வேணும்னாரு. அவருகிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்ல. அவரு ஏத்திவிட்ட நாற்காலி. சட்டத்தக் காட்டினா சிரிப்பாரு. ஊரு கேக்குதுன்னா ஊரக் கூட்டிட்டு வான்னுவாரு. ராத்திரி பூரா தூக்கமில்ல. காலையில வந்து பாத்தா தட்டுல எங்கப்பா.” அவர் நிறுத்திக்கொண்டு மூக்கைத் துடைத்தார். “சீஃப்பால மறுத்துப் பேச முடியாத ஒரே ஆள் ஓகுன்தான். அதான் வாயில வச்சுக்கிட்டேன்.”

“அப்போ கரண்டிய மட்டும் ஏன் படுக்க வச்சீங்க?”

“அப்போ குழாய் வரலியே. கையில இல்லாதத இரும்புல சொல்லலாமா? எங்கப்பா தோல உரிச்சிருப்பாரு.”

அரிகே இத்தனை நாள் வலை விரித்தது தான் என்று நினைத்திருந்தாள். மீன் தானாகவே வந்து ஏறி உட்கார்ந்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சேர்மனும் சிரித்தார். கஞ்சி இல்லாத சிரிப்பு. சிரித்து ஓய்ந்ததும் அவள் பக்கம் திரும்பினார்.

“நான் சொல்லிட்டேன். இப்போ நீங்க சொல்லுங்க. தேர்தலுக்கு நாலு நாள் முன்னாடி, பஸ் ஸ்டாண்டு நடுவுல, அத்தன பேர் பாக்க... அந்த நட்டு நெசமாவே மறந்துபோய்த்தான் வாயில இருந்துச்சா?”

“என்ன தலைவரே இப்படிக் கேட்டுட்டீங்க? சத்தியமா மறந்து...”

சேர்மன் அவள் கைகளை மட்டும் பார்த்தார். இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில், உறை தேய்ந்து இரும்பு தெரிகிற அதே இடத்தில் இருந்தன.

அரிகே சட்டென்று இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இப்போ கேளுங்க” என்றாள்.